பத்து ரூபாய்ச் சந்தா: எங்கள் ஊர் வாயனசாலைக்கு ஒரு மதிப்புரை

எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு வருடச் சந்தா 10 ரூபாய். பெரியவர்களுக்கு 60. ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், பதினைந்து நாள் தவணை. சாயங்காலம் நாலரைக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுவார்கள். திங்கட்கிழமை லீவு. இந்த 10 ரூபாயைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் 28,000 ரூபாயைப் பற்றிச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

சித்தூர் என்றதும் ஆந்திராவா என்று கேட்பவர்கள் உண்டு. இது பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை தாண்டி வேலந்தாவளம் போகிற பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பேங்கிலிருந்து வரும் மெசேஜ் இங்கிலீஷ். வாசகசாலையை நாங்கள் வாயனசாலை என்போம். மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல், இனி உரிக்க முடியாது.

நான் பால் சொசைட்டியில் டெஸ்டிங் பார்க்கிறேன். விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். பால் வெள்ளையாக இருக்கிறது, நுரைக்கிறது என்பதை வைத்தெல்லாம் விலை போட முடியாது. சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் ஃபேட் என்கிற கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். என்கிற மீதிச் சத்து இவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்துத்தான் காசு. பன்னிரண்டு வருடமாக இதே வேலை. யார் வீட்டு மாட்டுக்குத் தீவனம் குறைந்திருக்கிறது என்பதை அவர்கள் சொல்லாமலே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் சொந்தப் பிள்ளைகளின் படிப்பில் மட்டும் சாம்பிள் எடுக்காமலே காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2022இல் ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். டை கட்டியிருந்தார், வெயிலில் பாவமாக இருந்தது, மோர் கொடுத்தேன். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு, ஊரில் உள்ள தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல், அதாவது ஆரம்பப் பள்ளி. அவளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "பாப்பாவுக்கு கான்செப்ட் வீக்கா இருக்கு மேடம்" என்றார். எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது? ஒரு டேப்லெட், அதில் மூன்று வருடத்துக்கான பாட வீடியோ, எல்லாம் சேர்த்து 28,000, மாதத் தவணை. வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் மேல்நோட்டம் பார்க்கிறவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

வீடியோக்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன். படம் அழகு, பாட்டு அழகு. ஆனால் எல்லாம் இங்கிலீஷ், கொஞ்சம் மலையாளம். கேரள சிலபஸில் தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு நிமிட வீடியோகூடக் கிடையாது. கேரளத்தில் பாடப்புத்தகம் தயாரிக்கிற எஸ்.சி.ஈ.ஆர்.டி. மலையாளம், இங்கிலீஷ், தமிழ், கன்னடம் என்று நாலு மொழியிலும் புத்தகம் போடுகிறது என்பதே அந்த டைக்காரருக்குத் தெரியாது. "அடுத்த அப்டேட்ல வந்துரும் மேடம்" என்றார். வரவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல். கடைசித் தவணை கட்டின அன்று டேப்லெட்டை பீரோ மேல் வைத்தேன். இப்போது அதில் மகன் கிரிக்கெட் பார்க்கிறான்.

நடுவில் டியூஷனும் உண்டு. மாதம் 400. கைடைப் பார்த்து நோட்டில் எழுத வைத்து அனுப்புவார்கள். நோட்டு நிறைந்துகொண்டே வந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

வாயனசாலைக்குப் போனது மகளுக்காக இல்லை. 2023 ஜூனில் ரேஷன் கார்டு சம்பந்தமாக ஒரு அப்ளிகேஷன் ஃபாரம் வாங்க வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் என்று பஞ்சாயத்து மெம்பர் சொன்னார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். லைப்ரேரியன் அண்ணா அசல் தொழிலில் தையல்காரர். வாயனசாலைக்கு ஒட்டின அறையில்தான் அவருடைய மெஷின். பகலில் பாவாடை சட்டை தைப்பார், நாலரைக்குக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சாவியை எடுப்பார். கழுத்தில் டேப் அப்படியே தொங்கும்.

"அம்மிணி என்ன படிக்கிறா?" என்றார்.

"மூணாவது போறாண்ணா. நல்லாப் படிப்பா" என்றேன். யாரும் சொல்லாமலே மகளும் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றை கடகடவென்று ஒப்பித்தாள். விரல் வைத்து வாசிப்பது போலத்தான் இருக்கும். அண்ணா தலையாட்டிக் கேட்டுவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் நாலு கட்டம். ஒன்றில் தனி எழுத்துகள், ஒன்றில் சின்னச் சின்ன வார்த்தைகள், ஒன்றில் நாலு வரி, கடைசியில் பத்து வரிக் கதை. புத்தகத்தில் இல்லாத கதை. மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். வார்த்தைக் கட்டத்தில் 'மழை' வாசித்தாள். 'கொடி'யைக் 'கெடி' என்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

இரண்டு வருடமாக அவள் வாசிக்கவே இல்லை, மனப்பாடம் செய்து விரலை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வரி பின்னால் விரல் போகிறது என்பதைக்கூட நான் கவனித்ததில்லை. டைக்காரர் கண்டுபிடித்த கான்செப்ட் எதுவும் வீக் இல்லை. எழுத்தே கூடவில்லை.

அந்தத் தாள் அண்ணா கண்டுபிடித்தது இல்லை. 'ஏசர்' என்று ஒரு சர்வே 2005 முதல் நடக்கிறது. பிரதம் என்ற அமைப்பு நடத்துவது. பள்ளிக்கூடத்தில் வைத்து இல்லை, கிராமத்தில் வீடு வீடாகப் போய், இப்படி ஒரு தாளைக் கொடுத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்களுடைய கடைசிக் கட்டம் இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. அண்ணா அந்த மாதிரியில் கையால் எழுதி வைத்திருந்தார். அப்புறம் 2024 சர்வே பற்றின பேப்பர் செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினார். நாடு முழுக்கக் கிராமங்களில், அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறவர்களில் 23.4 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்ததாம். அதைப் படித்தபோது, என் மகள் மட்டும் இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல் வந்தது உண்மை. மெஷினில் ஊர்ப் பால் மொத்தமும் தண்ணீராகக் காட்டினால் நிம்மதியாக இருக்குமா என்று அப்புறம்தான் தோன்றியது.

சரி, வாயனசாலை என்ன செய்கிறது?

உள்ளே இரண்டு அறை, ஓட்டுக் கூரை. முன்னறையில் பேப்பர் மேஜை, கேரம் போர்டு, ஒரு டிவி. 2020 ஜூன் 1இல் கேரளத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்று விக்டர்ஸ் சேனலில் டிவி வகுப்பு தொடங்கியபோது, வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்காக வந்தது அது. பின்னறையில் அலமாரிகள். சுவரில் பி.என். பணிக்கர் படம், கீழே மலையாளத்தில் 'வாயிச்சு வளருக' (வாசித்து வளர்க) என்று நீலப் பெயிண்டில். 1945இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தவர். அவர் இறந்த ஜூன் 19தான் இங்கே வாசிப்பு நாள். அன்றைக்கு மட்டும் படத்துக்கு ஜவந்தி மாலை, பிள்ளைகளுக்குப் பாயசம். அண்ணாவுக்கு ஒரு பழக்கம், புதிதாக யார் வந்தாலும் சரித்திரம் சொல்லாமல் விடமாட்டார். அந்தக் காலத்தில் சித்தூர் கொச்சி சமஸ்தானம், பக்கத்துப் பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தில் மலபார் ஜில்லா. மெட்ராஸ்காரன் 1948லேயே லைப்ரரிக்கு என்று சட்டம் போட்டுவிட்டான், கேரளம் முழுக்க ஒரே சட்டம் வர 1989 ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணுவார். கேட்டுக்கொண்டால் நல்லது. புத்தகம் சீக்கிரம் கிடைக்கும்.

பஞ்சாயத்தில் கட்டிட வரி கட்டும்போது அதன் மேல் 5 சதவீதம் நூலக வரி போடுவார்கள். ஆகவே வாயனசாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவரும் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் அப்படித்தான் பல வருடம் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளை அண்ணா வகுப்புப் பார்த்து உட்கார வைப்பதில்லை. எழுத்துக் கூட்டுகிறவர்கள் பாயில். வார்த்தை, வரி வாசிக்கிறவர்கள் பெஞ்சில். கதை வாசிக்கிறவர்கள் நாற்காலியில். பாயில் என் மகளோடு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருந்தான், மீசை முளைக்கப் பார்க்கிற வயது. மற்றவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்று அண்ணா தேதி முத்திரை குத்துகிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டார். யார் புத்தகம் எடுத்தாலும் அவனிடம் நீட்டினால்தான் ஆகும். அந்த ரப்பர் ஸ்டாம்பைக் கையில் வைத்திருக்கிறவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? அவன் ஐந்து மாதத்தில் பெஞ்சுக்குப் போனான், ஸ்டாம்பை மட்டும் விடவில்லை.

இதே முறையை எல்லைக்கு அந்தப் பக்கமும் பார்த்திருக்கிறேன். என் தங்கையைக் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள் இல்லையா, அதில் அவள் தன்னார்வலராக இருந்தாள். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு கத்த வேண்டுமா என்று அவள் மாமியார் கேட்டாலும், சாயங்காலம் ஆனால் அந்த அம்மாதான் திண்ணையைக் கூட்டி வைப்பார். தங்கையின் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பாடம். தங்கை அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் காட்டினபோது, எங்கள் அண்ணாவின் பாய், பெஞ்சு, நாற்காலிதானே இது என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொன்னேன். "பேரு நல்லா வச்சிருக்காங்க. நமக்குத் தோணல பாரு" என்றார்.

இனி அவர் செய்கிற ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் வாயனசாலை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கதை சொல்ல வேண்டும். எல்லாக் கதை நேரத்திலும் கேட்பது போல இதனால் என்ன தெரிகிறது, நீதி என்ன என்று கேட்க மாட்டார். "கதையில யாரைப் புடிக்கல கண்ணு?" என்பார். முதல் தடவை கேட்டபோது பிள்ளைகள் முழிக்கும். பிடித்தவர் யார் என்றால் முயல், ராஜா என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிடிக்காதவர் யார் என்று சொல்ல உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். சொன்னதை அவர் ஒரு நீள நோட்டில், தையல் அளவு எழுதுகிற நோட்டுதான், பிள்ளையின் பேருக்கு நேராக அப்படியே எழுதுவார். இடுப்பு 28, உயரம் 34 என்று இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், 'நரி பொய் சொல்லல, ஆனா உண்மையையும் சொல்லல' என்று இருக்கும்.

மகள் முதன்முதலாகத் தானே வாசித்து முடித்தது சந்தைக்குப் போன இடத்தில் தொலைந்து, தானாகவே வீடு திரும்பும் ஆட்டுக்குட்டியின் கதை. நவம்பர் மாதம், நானும் கூட இருந்தேன்.

"யாரைப் புடிக்கல?"

"ஆட்டுக்காரரை."

"ஏன், அவரு நல்லவருதானே? அடிக்கலையே?"

"காலைல காணாமப் போச்சு மாமா. அவருக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

அண்ணா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதை அச்சுப் புத்தகம் இல்லை. தமிழ்ப் புத்தகம் குறைவு என்பதால் அண்ணா 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்திலிருந்து எடுத்து பிரிண்ட் போடுகிறார். பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்தது. கதைகள் நாலு படியாகப் பிரித்து இருக்கும், இலவசம். நாமே இறக்கி அச்சடித்துக் கொடுக்கலாம், காப்பிரைட் என்று யாரும் வரமாட்டார்கள். கலர் பிரிண்ட் பக்கத்துக்கு 10 ரூபாய் கேட்பார்கள், கட்டாது. அதனால் கறுப்பு வெள்ளை. முதலில் வாசித்து முடிக்கிற பிள்ளை அந்தப் புத்தகத்துக்குக் கலர் அடிக்கலாம் என்று ஒரு சட்டம். எங்கள் வாயனசாலையில் ஊதா நிற யானையும் பச்சை நிறப் பாட்டியும் இருப்பது இதனால்தான்.

இன்னொரு சாமர்த்தியம். அதில் ஒரே கதை பல மொழியில் இருக்கும். அண்ணா தமிழையும் மலையாளத்தையும் எடுத்து எதிரெதிர்ப் பக்கமாக வைத்துத் தைத்துவிடுகிறார். நிஜமாகவே தையல் மெஷினில், நடுவில் ஒரு ஓட்டு. இங்கே தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளைக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத்தான் கை நடுங்கும். நாளைக்கு ஒரு பி.எஸ்.சி. வேலை, ஒரு ஆபீஸ், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் அது வேண்டும். மகள் தமிழ்ப் பக்கத்தில் கதை தெரிந்துகொண்டு, இந்தப் பக்கம் வந்து 'ஆடு' எங்கே இருக்கிறது என்று தேடுவாள். 'ஆடு' மலையாளத்திலும் ஆடுதான் என்று கண்டுபிடித்த நாளில் வீட்டுக்கு ஓடி வந்தாள். இப்போது பஸ் போர்டு அவள்தான் வாசித்துச் சொல்கிறாள். நான் பி.ஏ. தமிழ், சித்தூர் காலேஜ். மலையாள போர்டை நிறத்தைப் பார்த்து ஏறுகிற ஆள்.

இப்போது அவள் ஐந்தாவது. நாலாவதில் எல்.எஸ்.எஸ். என்கிற ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதினாள், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த மதிப்புரையில் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, எந்தக் கேள்வியை எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எனக்கே வாசித்துக் காட்டினாள். அதற்குப் பெயர் ஸ்காலர்ஷிப் இல்லை, தெரியும்.

மகன் விஷயத்தில் வாயனசாலைக்கு அரை மார்க்குதான். அவன் போன வருடம் எட்டாவது. 2024-25இல்தான் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதுவரை எல்லாரும் பாஸ். கணக்கில் இவன் தொடவில்லை. ஏப்ரலில் கூடுதல் வகுப்பு, அப்புறம் மறுதேர்வு. பெரிய லீவில் மாம்பழம் பொறுக்குகிற நேரத்தில் கணக்கு நோட்டோடு போனான், முகத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணாவுக்கு அல்ஜீப்ரா தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வெட்கப்பட மாட்டார். அவர் செய்தது ஒன்றுதான். வழிக்கணக்கை எடுத்து, "நம்பரைச் சொல்லாம இந்தக் கேள்வியைக் கதையாச் சொல்லு" என்றார். மூன்று நாள் அவனால் முடியவில்லை. கணக்குப் போடத் தெரியாததில் பாதி, கேள்வியே புரியாததுதான் என்று அப்போது தெரிந்தது. மீதிப் பாதிக்கு வாயனசாலையில் மருந்து கிடையாது. சனிக்கிழமை இரண்டு காலேஜ் பிள்ளைகள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள், பரீட்சை வந்தால் அவர்களும் வரமாட்டார்கள். மறுதேர்வில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனான்.

குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் முதலாவது கழிப்பறை. இல்லை. ஆண்கள் தோப்புப் பக்கம் போய்விடுவார்கள், பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று மேலே எழுதினேன், ஆனால் ஆறு மணிக்கு மேல் அங்கே ஒரு பெண் பிள்ளையைக்கூடப் பார்க்க முடியாது. வழியில் இரண்டு தெருவிளக்கு எரிவதில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. கமிட்டியில் பதினொரு பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். கூட்டத்தில் கழிப்பறைப் பேச்சு வந்தால் ஆண்டு விழா மைக் செட்டைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போகிறார்கள்.

அடுத்தது புத்தகம். ஆறாயிரத்துக்கு மேல் இருக்கிறது என்கிறார்கள். தமிழ் அலமாரி இரண்டு, அதில் பிள்ளைகளுக்கு ஒன்றரைத் தட்டு. வருட மானியத்தை மாவட்டப் புத்தகத் திருவிழாவில் செலவழிக்கிறார்கள், அங்கே தமிழ் ஸ்டால் தேடிப் பிடிக்க வேண்டும். வாங்கி வருகிற தமிழ்ப் புத்தகமும் தலைவர்களின் வாழ்க்கை, பொது அறிவுக் குறிப்புகள் என்று கெட்டி அட்டை போட்டு வரும். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடும். இருக்கிற நல்ல பழைய புத்தகங்களை இராமபாணப் பூச்சி வாசித்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறது, ஒரு நாள் ஜீப் எடுத்துப் போய்ப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்க வைத்து வாங்கலாமே என்று நானே இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பில், கமிட்டி, தீர்மானம் என்று ஏதோ சொன்னார்கள்.

கேரம் சத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவரும் அங்கேதான் ஆடுகிறார்.

பெரிய குறை வேறு. போன ஆடி மாதம் அண்ணாவுக்குக் காலில் புண், சர்க்கரை, ஒரு மாதம் ஆஸ்பத்திரி. சாவி கமிட்டிச் செயலாளரிடம் போனது. வாயனசாலை தினமும் சரியாக நாலரைக்குத் திறந்தது, இதில் குறை சொல்ல முடியாது. பேப்பர் வந்தது, ஃபேன் ஓடியது. பிள்ளைகள் முதல் வாரம் வந்தார்கள், புத்தகத்தை மேஜையில் வைத்தார்கள், ஸ்டாம்புப் பையன் குத்தினான், போனார்கள். கதை கேட்க ஆள் இல்லை. இரண்டாம் வாரம் பாய் காலி. மூன்றாம் வாரம் டிவி. கட்டிடம், புத்தகம், மானியம், வரி எல்லாம் அப்படியே இருக்க, ஒரு ஆள் இல்லாததால் பால் மோராகி மோர் தண்ணீரானதை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்குக் கிடைக்கிற அலவன்ஸை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், ஒரு மாதத்தில் நாலு பாவாடை சட்டை கூடுதலாகத் தைத்தால் அதைவிட அதிகம் வரும் என்று மட்டும் சொல்கிறேன். அவருக்கு அப்புறம் யார் என்று கமிட்டியில் யாரும் பேசவில்லை. அவரே ஸ்டாம்புப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகள் கதை சொல்லும்போது நோட்டில் எழுத வைக்கிறார். அவன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பரவாயில்லை.

சொசைட்டி முறையில் சீட்டு எழுதச் சொன்னால் ஃபேட் 4.6, எஸ்.என்.எஃப். 7.8 என்று போடுவேன். பால்காரர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கொழுப்பு பிரமாதம், மீதிச் சத்து குறைவு, தீவனத்தைக் கவனிக்க வேண்டும். 28,000 ரூபாய்ச் சரக்குக்கு என்ன போடுவாய் என்று தங்கை கேட்டாள். அதை மெஷினில் வைக்கவே விடமாட்டேன் என்றேன், பைப் அடைத்துக்கொள்ளும்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை, புத்தகத்தில் இல்லாத நாலு வரியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், மளிகைச் சீட்டுகூடப் போதும். வாசிக்கவில்லை என்றால் அடிக்காதீர்கள், நான் அன்றைக்கு வழியில் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன், இன்னும் அது உறுத்துகிறது. இரண்டாவது, புதன்கிழமை போகாதீர்கள். புதன்கிழமை அண்ணா துணி எடுக்கப் பொள்ளாச்சி போய்விட்டு லேட்டாகத்தான் வருவார்.

வாயனசாலையிலிருந்து ஒரு அக்கா துணிப்பையில் புத்தகம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கொண்டு வந்து கொடுப்பார். இந்தத் திட்டம் கேரள மாநில லைப்ரரி கவுன்சிலுடையது. மகளை வைத்துக்கொண்டு மறுக்க முடியாமல் நானும் 60 ரூபாய் கட்டிவிட்டேன். சொசைட்டி வேலை, மாடு, அடுப்பு, நடுவில் ஒரு தடித்த நாவல். இருபத்திரண்டு நாளாகிறது, பாதியில் நிற்கிறது. தவணை தாண்டினால் இங்கே ஃபைன் கிடையாது. அக்கா நேற்று வாசலில் நின்று, "அண்ணன் கேக்கச் சொன்னாருங்க, அதுல யாரைப் புடிக்கலைன்னு" என்றார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். நாளை மறுநாள் வாங்க என்று அனுப்பிவிட்டேன். இன்னும் நூற்று நாற்பது பக்கம் இருக்கிறது.